எண்ணெய்ப் பீப்பாய்க்கும் ஒரு வரப்பு வேண்டும்

நெல் வயலில் தண்ணீர் நிற்பதற்கு வரப்பு கட்டுகிறோம். மானாவாரி நிலத்தில் மழைநீர் ஓடிவிடாமல் இருக்கச் சம உயர வரப்பு போடுகிறோம். எலி வளை தோண்டி வரப்பில் நீர் கசிந்தால், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடுகிறோம். ஆனால் டிராக்டர் கொட்டகையிலும் பம்பு செட்டு அறையிலும் நிற்கும் எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றி வரப்பு கட்டியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தண்ணீர் ஓடிவிட்டால் மறுபடி பாய்ச்சிக்கொள்ளலாம். எண்ணெய் ஓடிக் கிணற்றில் இறங்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை. எனவே, பீப்பாய்க்குக் கசிவுத் தடுப்பு அமைப்பது பெரிய ஆலைக்காரர்களின் வேலை, நமக்கு அது எதற்கு என்று சிறு விவசாயிகள் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. அதே சமயம், அதற்காகக் கடையில் விற்கும் விலை உயர்ந்த சாதனத்தை எல்லோரும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. எதை, எந்த அளவில், எங்கே அமைப்பது என்று தெரிந்துகொண்டால் உள்ளூர்க் கொத்தனாரே போதும்.

கொட்டகையில் என்னென்ன இருக்கிறது?

ஒரு டிராக்டர் வைத்திருப்பவரின் கொட்டகையைப் பாருங்கள். 200 லிட்டர் டீசல் பேரல் ஒன்று. எஞ்சின் ஆயில் டின்கள். கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஊற்றும் ஆயில். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட். பிரேக் ஆயில். பேட்டரிக்கான ஆசிட். ஒரு மூலையில், வடித்து எடுத்த கறுப்பு ஆயில் ஒரு பழைய தகர டின்னில் மூடி இல்லாமல் இருக்கும்.

பல இடங்களில் இவை எல்லாம் கிணற்றடியிலேயே இருக்கின்றன. அந்தக் காலத்தில் டீசல் எஞ்சின் கிணற்று மேட்டில் இருந்ததால், எண்ணெயும் அங்கேயே இருந்தது. எஞ்சின் போய் மின் மோட்டார் வந்த பிறகும், கூரையும் பூட்டும் உள்ள இடம் அது ஒன்றுதான் என்பதால் பேரலை அங்கேயே வைக்கிறோம். நாம் குடிக்கும் நீரும் மாடு குடிக்கும் நீரும் ஊறுகிற இடத்துக்குப் பத்தடி தூரத்தில் 200 லிட்டர் டீசல் நிற்கிறது.

‘சொட்டுச் சொட்டாகத்தானே கசிகிறது’ என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. எண்ணெய்ச் சொட்டு நீர்ச் சொட்டைவிடச் சிறியது. ஒரு மில்லி லிட்டருக்கு 40 சொட்டு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் 2 லிட்டருக்கு மேல் போய்விடும். குழாய்த் திருகு சரியாக இறுகாமல் நீங்கள் பத்து நாள் வெளியூர் போய் வந்தால் 20 லிட்டர் டீசல் மண்ணுக்குள் இருக்கும். சுற்றுப்புறத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கூட அந்த டீசலின் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

‘மண் குடித்துவிடும்’ என்பது சரியா?

மண் குடிக்கும். ஆனால் குடித்ததை அங்கேயே வைத்துக்கொள்ளாது. கொஞ்சமாகச் சிந்தினால் மேல் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். காற்றும் ஈரமும் இருந்தால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் டீசலை நாளடைவில் சிதைக்கவும் செய்யும். அளவு மிஞ்சினால் எண்ணெய் கீழே இறங்கிக்கொண்டே போகும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதி. அங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. மேல் மண் ஆழம் குறைவு. அதைத் தாண்டிய எண்ணெயை வடிகட்ட எதுவும் இல்லை. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எண்ணெயும் போகும். அது உங்கள் கிணறாகவும் இருக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரர் கிணறாகவும் இருக்கலாம்.

எண்ணெய் நீரைவிட எடை குறைந்தது. கிணற்றில் இறங்கினால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது பக்கச் சுவரிலும் வெடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் நீர் ஏறும்போது மறுபடியும் நீரில் கலக்கும். இதனால்தான் ஒரு முறை கெட்ட கிணறு, இறைத்துத் தீர்த்த பிறகும் அடுத்த ஆண்டு வாடை அடிக்கிறது.

முதலில் இடம், பிறகுதான் சாதனம்

எந்தச் சாதனத்தையும் விலை கேட்பதற்கு முன் பீப்பாயின் இடத்தை மாற்றுங்கள். கிணறு, ஆழ்துளைக் குழாய், வாய்க்கால், குட்டை ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். இடம் கிணற்றுக்குச் சரிவின் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். மழைநீர் வழிந்து ஓடும் தாரையில் இருக்கக் கூடாது. மாட்டுக் கொட்டகையும் தீவனம் வைக்கும் இடமும் அருகில் வேண்டாம். கூரை அவசியம். வெயிலில் பீப்பாய் விரிந்து சுருங்கும்போது மூடியின் வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுத்து டீசலில் தண்ணீர் சேர்க்கும். அந்தத் தண்ணீர்தான் பிறகு இன்ஜெக்டரைக் கெடுக்கிறது.

இடத்தை மாற்றுவதற்குக் காசு செலவு இல்லை. ஆனால் கசிவால் வரும் கேட்டில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். இதைச் செய்யாமல் கிணற்றடியிலேயே விலை உயர்ந்த தொட்டி வாங்கி வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எவ்வளவு கொள்ள வேண்டும்?

தடுப்புத் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி அதன் கொள்ளளவுதான். அமெரிக்காவில் அபாயக் கழிவுப் பீப்பாய்களுக்கான விதியில், எல்லாப் பீப்பாய்களின் மொத்தக் கொள்ளளவில் 10 சதவீதம், அல்லது இருப்பதிலேயே பெரிய பீப்பாயின் முழு அளவு, இவற்றில் எது அதிகமோ அதைத் தொட்டி தாங்க வேண்டும் என்று இருக்கிறது. இங்கிலாந்தின் 2001-ஆம் ஆண்டு எண்ணெய்ச் சேமிப்பு விதிகள் நிலையான எண்ணெய்த் தொட்டிக்கு 110 சதவீதம் கேட்கின்றன. பீப்பாய்க்கு மட்டும் அதன் அளவில் கால் பங்கு கொள்ளும் தட்டு போதும் என்கின்றன.

கால் பங்கு என்றால் 200 லிட்டர் பேரலுக்கு 50 லிட்டர் தட்டு. குழாயில் சொட்டுவதற்கும் ஊற்றும்போது சிந்துவதற்கும் இது போதும். ஆனால் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து ஒரே இரவில் முழுதும் வடிந்தால் 150 லிட்டர் வெளியே போய்விடும். நம் ஊரில் பீப்பாய் பெரும்பாலும் பலமுறை கைமாறிய பழைய பீப்பாய். கிணறும் பக்கத்தில். எனவே நம் விவசாயிகள் கால் பங்குக் கணக்கை நம்ப வேண்டாம். பெரிய பீப்பாயின் அளவுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, அதாவது 200 லிட்டர் பேரலுக்கு 220 லிட்டர் கொள்ளும் தடுப்பு அமையுங்கள். இரண்டு பேரல் இருந்தாலும் இரண்டும் ஒரே நாளில் ஓட்டையாவது அரிது. எனவே ஒன்றுக்கான கணக்கே போதும்.

செலவு குறைந்த இரண்டு வழிகள்

முதல் வழி, சுவர் மூலையில் செங்கல் வரப்பு. கொட்டகையின் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் உள்ளளவு 5 அடி நீளம், 3 அடி அகலம் இருக்குமாறு கோடு போடுங்கள். இரண்டு பக்கம் ஏற்கெனவே சுவர் இருப்பதால் 8 அடி நீளத்துக்கு மட்டும் 9 அங்குல உயரச் செங்கல் வரப்பு எழுப்பினால் போதும். 4½ அங்குல கனத்தில் கட்டினால் ஏறக்குறைய 35 செங்கல் பிடிக்கும். தரையில் 3 அங்குலக் கான்கிரீட் போட்டு, தரையும் சுவரும் சேரும் இடத்தை வளைவாகப் பூச வேண்டும். மூலை கூர்மையாக இருந்தால் அங்கேதான் வெடிப்பு விடும். உட்புறம் முழுவதும், கொட்டகைச் சுவரையும் சேர்த்து, 1:3 கலவையில் பூசி, நெய்ச் சிமென்ட் தேய்த்து, குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். நன்கு காய்ந்த பின் எப்பாக்சி பெயின்ட் இரண்டு கை அடித்தால் எண்ணெய் சிமென்டில் ஊறாது.

இதன் கொள்ளளவு என்ன? 5 × 3 × ¾ அடி என்றால் 11¼ கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக 318 லிட்டர். பீப்பாயை ஈரத் தரையில் நேராக நிறுத்தக் கூடாது. 3 அங்குலக் கட்டை இரண்டு கொடுத்து அதன்மேல் நிறுத்த வேண்டும். அந்தக் கட்டைகள் 18 லிட்டர் இடத்தை அடைக்கும். கசியாமல் நிற்கும் மற்றொரு பேரலின் அடிப்பாகம் சுமார் 40 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 260 லிட்டர். நமக்கு வேண்டியது 220. கணக்கு சரியாக வருகிறது. கட்டையையும் மற்றப் பீப்பாயையும் கழிக்காமல் கணக்குப் போடுவதுதான் பலரும் தவறவிடும் இடம்.

இரண்டாவது வழி, கிணற்று உறை. ஒரே ஒரு பேரல் வைத்திருப்பவர் சிமென்ட் உறை வளையம் ஒன்றை வாங்கி, அடியில் கான்கிரீட் போட்டு அடைத்து, உள்ளே பூசிவிடலாம். 3 அடி உள் குறுக்களவும் 1 அடி உயரமும் உள்ள உறை 200 லிட்டர்தான் கொள்ளும். விளிம்பு வரை நிற்கும், போதாது. 3½ அடி குறுக்களவு உள்ள உறை 272 லிட்டர் கொள்ளும். அதையே வாங்குங்கள். அரை அடி வித்தியாசத்தில் 72 லிட்டர் கூடுகிறது.

எந்த வழியானாலும் பீப்பாயை வைப்பதற்கு முன் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மட்டத்தைக் கோடு போட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் எண்ணெயை வைக்காதீர்கள்.

பழைய பேரலை நீளவாக்கில் இரண்டாக வெட்டித் தொட்டியாக வைக்கிறார்கள் சிலர். இதை நான் சிபாரிசு செய்வதில்லை. பாதிப் பேரல் அதிகம் போனால் 100 லிட்டர்தான் கொள்ளும். அதைவிட முக்கியமானது உயிர் ஆபத்து. காலிப் பீப்பாயில் எண்ணெய் இருக்காது, ஆவி இருக்கும். வெல்டிங் நெருப்போ கட்டிங் நெருப்போ பட்டால் குண்டுபோல் வெடிக்கும். நிறைந்த பீப்பாயைவிடக் காலிப் பீப்பாய்தான் பயங்கரமானது என்பதைப் பட்டறைக்காரர்களும் மறந்துவிடக் கூடாது.

வரப்பில் ஓட்டை விடாதீர்கள்

கழுவி விட வசதியாக அடியில் ஒரு துளை வைக்கும்படி கொத்தனார் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் துளைக்கு அடைத்த துணி என்றைக்காவது ஒரு நாள் இருக்காது. சேர்ந்த நீரைக் குவளையால் மொண்டு எடுக்கலாம்.

பீப்பாயைப் படுக்க வைத்துக் குழாய் பொருத்தினால் குழாயின் வாய் வரப்புக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வரப்பு கட்டியதில் பயனே இல்லை. பீப்பாயை நிறுத்தி வைத்து, மேல் வாய் வழியாகக் கைப்பம்பு போட்டு எடுப்பதே நல்லது. குழாய் கெட்டால் பேரல் முழுதும் காலியாகும். கைப்பம்பில் நாம் சுற்றினால்தான் எண்ணெய் வரும். ஆனால் எடுத்து முடித்த பின் அதன் ரப்பர் குழாயைக் கீழே தொங்கவிடாதீர்கள். முனை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தானாகவே இழுத்து ஊற்றிக்கொண்டிருக்கும். குழாயை மேலே சுருட்டி மாட்டுங்கள்.

இன்னொன்று. நிறைந்த பீப்பாயின் நடுவில் துளை விழுந்தால் எண்ணெய் நேரே கீழே விழாது. இரண்டடிக்கு மேலும் தள்ளிப் பாயக்கூடும். 9 அங்குல வரப்பை அது தாண்டிவிடும். எனவே பீப்பாயைச் சுவரோரம் ஒட்டி வைத்து, முன்பக்கம் ஒரு பழைய தகரத்தை வரப்புக்கு உள்ளேயே சாய்த்து நிறுத்துங்கள். பாயும் எண்ணெய் தகரத்தில் மோதித் தொட்டிக்குள்ளேயே விழும்.

கடையில் வாங்குவோர் கவனத்துக்கு

சொந்த இடம் இல்லாமல் வாடகைக் கொட்டகை வைத்திருப்பவர்களுக்கும், அடிக்கடி இடம் மாற்றுபவர்களுக்கும் ‘ஸ்பில் பேலட்’ என்று கடையில் விற்கும் தொட்டிப் பலகை உதவும். கீழே தொட்டியும் மேலே கழற்றக்கூடிய சல்லடைத் தட்டும் உள்ள அமைப்பு இது. வாங்கும்போது ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பது. ‘இரண்டு பேரல் வைக்கலாம்’ என்பது இடத்தைப் பற்றிய பேச்சு. கொள்ளளவைப் பற்றியது அல்ல.

இரண்டு, எவ்வளவு எடை தாங்கும் என்பது. எஞ்சின் ஆயில் நிறைந்த ஒரு பேரல் பீப்பாயையும் சேர்த்து 190 கிலோவுக்கு மேல் வரும். இரண்டுக்கு 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, எந்தப் பொருளால் ஆனது என்பது. டீசலுக்கும் ஆயிலுக்கும் இரும்புத் தட்டு ஏற்றது. அடர்த்தி மிக்க பாலி எத்திலீன் எண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் தாங்கும். ஆனால் வெயிலில் வைத்தால் நொறுங்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. வெயில் தாங்கும் வகையா என்று கேளுங்கள். வெல்டிங் செய்யும் இடத்தில் பிளாஸ்டிக் வேண்டாம்.

நான்கு, உயரம். பளு தூக்கும் வண்டி நம்மிடம் இல்லை. உயரம் குறைந்த, சாய்பலகையுடன் வரும் வகையில்தான் இரண்டு பேர் பேரலை உருட்டி ஏற்ற முடியும்.

ஐந்து, சல்லடைத் தட்டு எளிதில் கழன்று வருமா என்பது. கழற்ற முடியாத தொட்டியை யாரும் கழுவமாட்டார்கள். அடியில் என்ன சேர்ந்திருக்கிறது என்றும் தெரியாது.

துத்தநாகப் பூச்சு உள்ள பாத்திரத்தில் டீசலைச் சேமித்து வைக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டீசல் துத்தநாகத்தைக் கரைத்துச் சோப்புப் போன்ற படிவை உண்டாக்கும். அது வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

மழையும் வெள்ளமும்

கூரை இல்லாத வரப்பு மழைநீரைப் பிடிக்கும் தொட்டியாகவே மாறிவிடும். ஒரு பருவமழையில் நிரம்பும். நிரம்பிய தொட்டியில் எண்ணெய் கசிந்தால், அது மேலே மிதந்து, தண்ணீருக்கு முன்னால் தானே வழிந்து போகும். தண்ணீர் தங்கும், எண்ணெய் வெளியேறும். நாம் நினைத்ததற்கு நேர் எதிராக நடக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வெள்ளநீரோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதை நாம் எல்லோரும் பார்த்தோம். படகிலும் வலையிலும் அலையாத்தி மரங்களிலும் எண்ணெய் அப்பியது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். பெரிய ஆலைப் பகுதியில் நடந்தாலும் சிறிய கொட்டகையில் நடந்தாலும் காரணம் ஒன்றே. வெள்ளம் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகும்.

கடலூர், நாகை, தஞ்சை, திருவாரூர் போன்ற வெள்ளப் பகுதி விவசாயிகள் இதைக் கவனிக்க வேண்டும். 200 லிட்டர் டீசல் நிறைந்த பேரலின் எடை சுமார் 185 கிலோ. ஆனால் முழுதும் மூழ்கினால் அது விலக்கும் நீர் 215 கிலோவுக்கு மேல். எனவே நிறைந்த பேரலும் வெள்ளத்தில் மிதக்கும். காலிப் பேரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவரில் கொக்கி அடித்துச் சங்கிலியால் கட்டி, மூடியை இறுகத் திருகிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் டீசல் இருப்பைக் குறைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

எதை எதோடு வைக்கக் கூடாது?

பேட்டரி ஆசிட்டை எண்ணெயோடு ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஆசிட் இரும்பையும் சிமென்டையும் அரிக்கும். தனியாக ஒரு பிளாஸ்டிக் தட்டில், எட்டாத உயரத்தில் வையுங்கள். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைப் பிரேக் ஆயிலுக்கும் மற்ற எண்ணெய்களுக்கும் அருகில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடும். பொட்டாசியம் நைட்ரேட் உரத்துக்கும் தனி இடம் வேண்டும். பூச்சிமருந்துக்குத் தனி அலமாரியும் தனிப் பூட்டும் வேண்டும்.

கூலன்ட் இனிப்புச் சுவை உடையது. அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நாய்க்கும் கன்றுக்கும் விஷம். குழந்தைகளுக்கும் அப்படியே. சிந்தியதை நக்க விடாதீர்கள். பழைய பேட்டரியின் ஈயத் தகட்டை மாடு நக்கி ஈய நஞ்சேறிச் சாவதை கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

பெட்ரோலைப் பேரலில் வைக்கவே வேண்டாம். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு உரிமம் இன்றி வைக்கக்கூடிய பெட்ரோல் 30 லிட்டர்தான். டீசலுக்கு அந்த வரம்பு 2,500 லிட்டர். எந்த ஒரு கலமும் 1,000 லிட்டருக்கு மேற்படக் கூடாது.

சிந்திவிட்டால் என்ன செய்வது?

முதலில் பீடியை அணையுங்கள். மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். கசிவை நிறுத்துங்கள். பேரலை ஓட்டை மேலே வரும்படி உருட்டினாலே பாதிக் கசிவு நிற்கும். ஓடும் திசையில் மண்ணை வெட்டிப் போட்டு மறியுங்கள். உமி, மரத்தூள், காய்ந்த தென்னைநார்க் கழிவு, காய்ந்த மணல், இவற்றில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைத் தூவி ஊறவிட்டு வாருங்கள். தென்னைநார்க் கழிவு நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் எண்ணெயைப் பிடிக்காது. இதற்காக ஒரு சாக்கு உமியும் ஒரு வாளி மணலும் கொட்டகையில் எப்போதும் இருக்கட்டும். ஆசிட் சிந்தினால் மரத்தூள் போடக் கூடாது. சமையல் சோடாவோ சுண்ணாம்போ தூவ வேண்டும்.

தண்ணீர் விட்டுக் கழுவுவது எல்லோரும் முதலில் செய்யும் காரியம். அதுதான் கடைசியில்கூடச் செய்யக் கூடாத காரியம். சோப்பு போட்டுக் கழுவினால் எண்ணெய் நீரோடு கலந்து இன்னும் ஆழமாக இறங்கும். எண்ணெய் ஊறிய உமியைக் குப்பைக்குழியில் போடாதீர்கள். அடுத்த பருவத்தில் அது உங்கள் வயலுக்கே வந்து சேரும். சாக்கில் கட்டிக் கூரையின் கீழ் வைத்து, கழிவு எண்ணெயோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

கறுப்பு ஆயிலுக்கு மருந்துக் குணம் கிடையாது

வடித்த எஞ்சின் ஆயிலை மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதும், உண்ணிக்குப் பூசுவதும், தூசி அடங்கத் தெருவில் ஊற்றுவதும் இன்னும் நடக்கின்றன. பழைய ஆயிலில் எஞ்சின் தேய்மானத்தால் வந்த உலோகங்களும், எரிதலால் உண்டான, தோல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பொருள்களும் இருக்கின்றன. மாடு அதை நக்கும். மாற்றும்போது கையுறை போடுங்கள். எண்ணெய் பட்ட துணியை இடுப்பில் செருகாதீர்கள்.

2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் பயன்படுத்திய ஆயிலை அபாயக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. 2023-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்குப் பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு இருக்கிறது. எனவே மூடியுள்ள தனிப் பீப்பாயில் ‘பழைய ஆயில்’ என்று எழுதிச் சேர்த்து வையுங்கள். கூலன்ட், பெட்ரோல், தண்ணீர் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்த ஆயிலுக்கு விலை கிடைக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே அது போய்ச் சேர வேண்டும்.

வாடகை மையங்களுக்கு ஒரு சொல்

ஒற்றைப் பேரல் வைத்திருக்கும் சிறு விவசாயியைவிட அதிகப் பொறுப்பு உள்ளவர்கள் இயந்திர வாடகை மையம் நடத்துபவர்கள். 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் உதவியால் விவசாயக் குழுக்கள் பல இடங்களில் இம்மையங்களை அமைத்துள்ளன. ஐந்து டிராக்டர் உள்ள ஒரு மையத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,000 மணி ஓடி, 250 மணிக்கு ஒரு முறை 7 லிட்டர் எஞ்சின் ஆயில் மாற்றினால் 140 லிட்டர். கியர் பெட்டி, ஹைட்ராலிக் ஆயில் ஒவ்வொன்றிலும் 30 லிட்டர் என்று வைத்தாலும் 150 லிட்டர். ஆக ஆண்டுக்கு 290 லிட்டர் கறுப்பு ஆயில் ஒரே ஊரில், ஒரே கொட்டகையில் சேர்கிறது. அது எங்கே போகிறது என்று கேட்பவர் யாரும் இல்லை.

டிராக்டர், ரோட்டவேட்டர், அறுவடை இயந்திரம் என்று பட்டியல் போட்டு மானியம் பெறுகிறோம். அந்தப் பட்டியலில் தடுப்புத் தொட்டியுடன் ஓர் எண்ணெய் அறையும் கட்டாயம் இடம் பெற வேண்டும். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு மிகச் சிறியது. அனுமதி கொடுக்கும்போதே இதைக் கேட்டால் கட்டிவிடுவார்கள். பிறகு கேட்டால் கட்டமாட்டார்கள். குழு உறுப்பினர்களும் பொதுக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். மையத்தைச் சுற்றியுள்ள கிணறுகள் உறுப்பினர்களின் கிணறுகள்தானே.

உடனே செய்ய வேண்டியவை

இந்த வாரம் பீப்பாயைக் கிணற்றடியிலிருந்து நகர்த்துங்கள். அடியில் கட்டை கொடுங்கள். பீப்பாயைத் தட்டிப் பார்த்து, துருப்பிடித்த மடிப்பு இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அடுத்த மாதத்துக்குள் கொத்தனாரை அழைத்து வரப்பைக் கட்டி முடியுங்கள். அதன் பின் மாதம் ஒரு முறை மூடி, குழாய், பூச்சு, வெடிப்பு ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். 35 செங்கல்லும் ஒரு மூட்டைச் சிமென்டும் இரண்டு நாள் வேலையும் செலவழித்தால் ஒரு கிணறு பிழைக்கும். புதுக் கிணறு வெட்ட ஆகும் செலவை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.